நடக்க விட்டுப் பார்க்காமல்

சித்த நவுந்து உக்காருங்கண்ணா. பையை மடியில வெச்சுக்கிட்டீங்கன்னா போதும், நானும் புள்ளையும் இதுலயே அடங்கிக்குவோம். நீங்களும் ஈரோட்டு பஸ்ஸுக்குத்தானுங்களே? இப்பத்தான் ஒண்ணு போயிருச்சுன்னு அந்த டைம்கீப்பர் சொல்றான். நம்பாதீங்க. நான் அந்த டீக்கடை முக்குலயேதான் நின்னுட்டிருந்தேன், ஒண்ணும் போகல. வரலைன்னு சொன்னா ஜனங்க கேள்வி கேப்பாங்க, போயிருச்சுன்னு சொன்னா நம்ம நேரம்னு பேசாம உக்காந்துக்குவாங்க. அதான் சூட்சுமம்.

புள்ளையப் பாக்கறீங்க. பாருங்க, தப்பில்ல. பொதுவா எல்லாரும் மொதல்ல புள்ளை மூஞ்சியப் பாப்பாங்க, அப்பறம் என்ற மூஞ்சியப் பாப்பாங்க, அப்பறம் போனை எடுத்து நோண்ட ஆரம்பிச்சுருவாங்க. நீங்க இன்னும் புள்ளையவே பாக்கறீங்க. அதனால சொல்றேன். பேரு பூவிகா. வர்ற ஆடிக்கு மூணு முடியுது. டவுன் சிண்ட்ரோம்னு சொல்லுவாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. நோவு இல்லீங்க, பொறப்பே அப்படி. கண்ணு கொஞ்சம் சாஞ்சாப்புல இருக்கும், நாக்கு எப்பவாச்சும் வெளிய எட்டிப் பாக்கும், ஒடம்பு தொளதொளன்னு இருக்கும். தசையில முறுக்கு கம்மியாம். மத்தபடி படு வெவரம். உங்க சட்டைப் பையில பேனா இருக்கறதை நீங்க உக்காந்ததுமே பாத்துருச்சு. கொஞ்ச நேரத்துல எடுத்துரும் பாருங்க.

இல்லீங்க, கீழ எறக்கி உட வேண்டாம். நெளியுதுன்னு பாக்கறீங்களா? அது அப்படித்தான் நெளியும். தரையப் பாத்தீங்களா, வெத்தலை எச்சையும் வாழப்பழத் தோலும். என்ற இடுப்புலயே இருக்கட்டும். எனக்குப் பாரமே இல்ல.

நான் மாட்டுத் தரகு பண்றேன். சென்னியப்பன்னு சொன்னா சந்தையில தெரியாத ஆளு கெடையாது. இந்தத் துண்டு இருக்குது பாருங்க, இதான் என்ற கடை, கல்லா எல்லாம். கையில போட்டுக்குவோம். வாங்கறவனும் விக்கறவனும் துண்டுக்குள்ள கையக் கோத்து, விரலைப் புடிச்சு வெல பேசுவோம். சுத்தி நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. வாயில ஆயிரம் பேசலாம், சிரிக்கலாம், கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போற மாதிரி நடிக்கலாம், ஆனா துண்டுக்குள்ள இருக்கற கை மட்டும் பொய் சொல்லக் கூடாது. அது தொழில் தர்மம்.

இன்னொண்ணு இருக்குது. நடக்க உட்டுப் பாக்காம எந்த மாட்டுக்கும் நான் கை குடுக்க மாட்டேன். எங்கப்பன் வந்து வித்தாலும் சரி. பல்லைப் பாக்கறேன், சுழியைப் பாக்கறேன், அதெல்லாம் அப்பறம். மொதல்ல கவுத்தை அவுத்து உட்டு நடக்கச் சொல்லு. அதுலயும் ஏமாத்துவானுங்க. கால் தாங்கற மாட்டை மண்ணு பொதுபொதுன்னு இருக்கற பக்கமா நடத்திக் காட்டுவான். நான் தார் ரோட்டுக்கு ஓட்டிட்டு வாடாம்பேன். மூஞ்சி செத்துரும் அவனுக்கு. இப்பல்லாம் போன்ல வீடியோ அனுப்பறானுங்க. மாடு ராசாவாட்டம் நடக்கும் அதுல. நேர்ல போய்ப் பாத்தா எந்திரிக்கவே நாலு பேரு வேணும். அதனால வீடியோன்னாலே எனக்கு ஆகாது. மாட்டையும் புள்ளையையும் ஒண்ணா வெச்சுப் பேசறேன்னு நெனைச்சுக்காதீங்க. என்ற பொழப்பு அது, வாயில அதான் வருது.

இத்தனை வெவரமானவனை எங்கூட்டுக்காரி ஏமாத்தறாங்கண்ணா. அதுக்குத்தான் இப்ப ஈரோட்டுக்குப் போறேன்.

அவ பேரு கோகிலவாணி. தங்கமானவ, அதுல கொறை சொல்ல மாட்டேன். ஆனா போன தைக்கு அப்பறம் அவ நடவடிக்கை சரியில்ல. பொழுதோட அஞ்சு மணியானா எனக்கு ஏதாச்சும் ஒரு வேலை வந்துரும். ஏனுங்க, கொத்தமல்லி இல்லீங்கம்பா. வாங்கிட்டு வந்து குடுத்தா அடுத்த நா தயிர் இல்லம்பா. அதுக்கு அடுத்த நா, சும்மா அப்படியே டீக்கடைக்குப் போயிட்டு வாங்களேன், எந்நேரமும் ஊட்டுல அடைஞ்சு கெடந்தா ஒடம்பு என்னாகும்பா. ஏங்கண்ணா, எந்தப் பொண்டாட்டியாச்சும் புருசனை டீக்கடைக்குப் போகச் சொல்லுவாளா? போகாதேன்னு சொல்லித்தான் நான் கேட்டிருக்கேன்.

ஒரு நா பிரிட்ஜைத் தெறந்து பாத்தேன். கட்டுக் கட்டா கொத்தமல்லி உள்ளயே அழுகிக் கெடக்குது.

அப்பறம் எனக்கு எப்படி இருக்கும்? சொல்ல வெக்கமாத்தான் இருக்குது, ஊட்டுக்கு வந்ததும் வாசல்ல யாரு செருப்பாச்சும் புதுசாக் கெடக்குதான்னு பாக்க ஆரம்பிச்சேன். ஒண்ணும் கெடக்காது. அது இன்னும் சந்தேகம். செருப்பைக் கையில எடுத்துட்டு உள்ள போறவன் இல்லாமலா போயிருவான்?

ஒரு நா கொத்தமல்லிக்குன்னு கெளம்பி, முக்கு வரைக்கும் போயிட்டு, வண்டியை அங்கயே நிறுத்திட்டு, நடந்தே திரும்பி வந்தேன். பக்கத்துச் சந்துல இருந்து சன்னல் வழியாப் பாத்தேன்.

நான் பாத்ததைக் கேட்டீங்கன்னா உங்களுக்கும் வயிறு எரியும். புள்ளையைத் தரையில போட்டிருக்கா. ஒரு அரைக்கால் டவுசர் போட்டு உட்டிருக்கா, ரெண்டு காலையும் நடுவுல சேத்து வெச்சுத் தைச்ச டவுசர். ஆமாங்க. புள்ளை காலை விரிக்க முடியாது. ஒரு முக்காலி மேல மணி இருக்குது. கன்னுக்குட்டி கழுத்துல கட்டற சின்ன மணி, சந்தையில இருந்து நான் வாங்கிட்டு வந்து குடுத்தது, அது இல்லாம என்ற புள்ளை தூங்காது. அந்த மணிய எட்டாத எடத்துல வெச்சுட்டா. புள்ளை அதைப் பாத்து அழுவுது. மூக்கு ஒழுகுது, எச்சில் ஒழுகுது, கையை ஊணி ஊணிப் பாக்குது. இவ பக்கத்துல உக்காந்திருக்கா. எப்படி உக்காந்திருக்கான்னா, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு, அது மேலயே உக்காந்திருக்கா. கல்லாட்டம். கண்ணுல தண்ணி மட்டும் ஓடுது.

பெத்தவ அழுதுட்டே புள்ளையை அழ உடறா, கையக் குடுக்க மாட்டேங்கறா. எனக்கு ஒண்ணும் புரியல. யாரோ என்னமோ வெச்சுட்டாங்க இவளுக்குன்னுதான் தோணுச்சு.

புள்ளை முட்டி போட்டு எந்திரிச்சுருச்சு. முக்காலியைப் புடிச்சுட்டு ஆடுது. எனக்கு உசுரே போச்சு. உழுந்து வாயில அடிபட்டா? கதவைத் தள்ளிட்டு ஓடிப் போய் வாரித் தூக்கிட்டேன். மணியையும் எடுத்துக் கையில குடுத்தேன். ஒடனே சிரிச்சுருச்சு, பாவம். இவ கையை உருவிட்டு எந்திரிச்சு நின்னு என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. இன்னும் ஒரு நிமிசம் நீங்க வராம இருந்திருந்தா அதுவே எடுத்திருக்கும்னு சொன்னா. அதைச் சொல்லிட்டு ஓன்னு அழுதா. புள்ளைய அழ உட்டவ இவ, அழுவறதும் இவளே.

பாத்தீங்களா, பேனாவை எடுத்துருச்சு. நான் சொன்னேனில்ல? குடுத்துரு அம்மணி. பரவால்லீங்களா? சரி, வெச்சுக்கட்டும்.

போன் அடிக்குது. அவதான். அடிக்கட்டும். ரேசன் கடைக்குப் போயிருந்தா, அந்த நேரத்துல புள்ளையத் தூக்கிட்டு நான் கெளம்பி வந்துட்டேன். எதுத்தூட்டுல சொல்லிட்டுத்தான் வந்தேன், ஓடிப் போகல.

டவுசர் கதை என்னன்னா, அதெல்லாம் ஈரோட்டுல சொல்லிக் குடுத்ததாம். அங்க இந்த மாதிரிப் புள்ளைகளுக்குப் பயிற்சி குடுக்கற எடம் ஒண்ணு இருக்குது. பெனிட்டான்னு ஒரு பொண்ணு, பிசியோதெரபி பண்றது. மாசத்துக்கு ஒருக்கா இவ கூட்டிட்டுப் போவா, அது சொல்லித் தர்றதை இவ ஊட்டுல செய்வா. மூட்டெல்லாம் தொளதொளன்னு இருக்கறதனால கால் ரெண்டும் தவளையாட்டம் அகண்டுக்குமாம். அகண்ட கால்ல பாரம் நிக்காதாம். அதனால கொஞ்ச நேரம் காலைச் சேத்து வெச்சுப் பழக்கோணுமாம். வயித்துக்கு அடியில போர்வையச் சுருட்டி வெக்கறது, சோபாவுல ஒரு கோடியில புள்ளை, மறு கோடியில பொம்மை, பந்து மேல உக்கார வெச்சு ஆட்டறது, செருப்பு இல்லாம மணல்ல நிக்க வெக்கறது. எல்லாம் எனக்கு மனப்பாடம். இவ செய்யறதை அப்பல்லாம் ஒளிஞ்சு நின்னு பாத்திருக்கேனே.

அந்தப் பெனிட்டா ஒரு நா எங்கூட்டுக்கே வந்துச்சு. அதை நான் மறக்கவே மாட்டேன். தண்ணி குடுத்தோம், காப்பி குடுத்தோம். நான் புள்ளைய மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கேன். அது என்கிட்டயே நேராக் கேக்குது. அப்பா, ஒரு மாசத்துக்கு நீங்க பாப்பாவைத் தூக்காம இருப்பீங்களான்னு.

காதுல கேட்டீங்களா? பெத்த அப்பனைப் பாத்து, தூக்காதேங்குது. தூக்கத் தூக்கப் புள்ளைக்கு எந்திரிக்கக் காரணமே இல்லாமப் போயிருதாம். ஒரு பொருள் வேணும்னு தோணோணும், அது கொஞ்சம் தள்ளி இருக்கோணும், அப்பத்தான் ஒடம்பு வேலை செய்யுமாம். நீங்க இருந்தா பாப்பாவுக்கு எதுவுமே தள்ளி இருக்கறதில்லப்பான்னு சிரிச்சுட்டே சொல்லுது. நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள கொதிக்குது. எங்கூட்டுக்காரி தலையக் குனிஞ்சு காப்பி டம்ளரையே பாத்துட்டிருக்கா. அவதான் சொல்லிக் குடுத்திருக்கோணும். நான் என்ன அந்தளவுக்குப் புரியாதவனா?

சந்தையில நல்ல கன்னை விக்க மனசில்லாதவன் என்ன பண்ணுவான் தெரியுமா? வாங்க வர்றவனை அதுகிட்ட அண்டவே உட மாட்டான். ஒதைக்கும், முட்டும், தள்ளி நில்லும்பான். அப்படித்தான் இது. புள்ளைகிட்ட இருந்து என்னைப் பிரிக்கறாங்க. எதுக்குன்னுதான் இன்னும் பிடிபடல.

நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோணும். இது பொறந்தன்னிக்கு மொதல்ல கையில வாங்கினது நான்தான். மத்த கொழந்தைங்க மாதிரி இல்ல. கையில நிக்காம அப்படியே வழியுது. கழுத்து ஒரு பக்கம், காலு ஒரு பக்கம். எங்க கைய எடுத்தா எது கழண்டு உழுந்துருமோன்னு நடுங்கிப் போயிட்டேன். அந்த நடுக்கம் இன்னும் எனக்குள்ள இருக்குதுங்க. பேரு வெக்கற அன்னிக்கு ஒறமொறையில ஒருத்தன், பேரைச் சொல்ல மாட்டேன், காது குத்துக்குக் கூட அப்பறம் அவனைக் கூப்பிடல, அவன் சொன்னான், மாப்ளே, இது உக்காந்த எடத்துலயேதான் இருக்கும், மனசைத் தேத்திக்கன்னு. இருந்துட்டுப் போகட்டும்டா, என்ற புள்ளைக்கு நான் காலுன்னு சொன்னேன். அத்தனை பேரு முன்னால. அன்னைல இருந்து கீழ உட்டதில்ல. கோயிலுக்கு, கடைக்கு, கல்யாணத்துக்கு, எங்கயும் என்ற இடுப்புலதான். தெருவுல எல்லாரும் சொல்லுவாங்க, அப்பன்னா சென்னியப்பனாட்டம் இருக்கோணும்னு.

இதுக்கும் என் மேல அப்படி ஒரு உசுரு. என்ற வண்டிச் சத்தம் தெருமுனையில கேட்டாப் போதும், எங்க எப்படி இருந்தாலும் சரி, பொத்துன்னு கீழ உக்காந்து ரெண்டு கையையும் தூக்கிரும். வேற யாருக்கும் அப்படிச் செய்யாது. எங்கூட்டுக்காரிக்குச் செய்யாது. எனக்கு மட்டுந்தான்.

விசயத்துக்கு வர்றேன். சித்திரை பொறந்ததுல இருந்து ஊர்ல ஒரே பேச்சு. பூவிகா நடக்குது, பூவிகா நடக்குது. எதுத்தூட்டு அக்கா பாத்துச்சாம். பால்காரன் பாத்தானாம். கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளு பாத்துட்டு கை தட்டினானாம். அவன் யாரு, எந்த ஊரு, அவனுக்கு முன்னால நடக்குது, எனக்கு முன்னால நடக்காது. நான் ஊட்டுக்குள்ள காலை வெச்சா உக்காந்திருக்குது. கேட்டா, இப்பத்தாங்க நடந்துச்சு, உங்க வண்டிச் சத்தம் கேட்டுது, உக்காந்துருச்சும்பா. தெனமும் இதே பதில். எந்த மாட்டுக்காரனும் இதைத்தான் சொல்லுவான். நேத்து வரைக்கும் நல்லாத்தாண்ணே நடந்துச்சு.

போன்ல வீடியோ காட்டினா. பாத்தேன். புள்ளையோட காலு தெரியுது, கொலுசு தெரியுது, தரை தெரியுது. காலு முன்ன வெக்குது, ஒத்துக்கறேன். ஆனா மேல ஒண்ணும் தெரியல. பின்னால யாராச்சும் கக்கத்துல கை குடுத்துப் புடிச்சிருந்தா? எங்க, முழுசாக் காட்டுன்னேன். அவ போனைப் புடுங்கிட்டு சமையக்கட்டுக்குள்ள போயிட்டா. குத்தம் இல்லாதவ எதுக்குங்க கோவிச்சுக்கோணும்?

போன வாரம் வண்டியைத் தள்ளிட்டே சத்தமில்லாம வந்தேன். படியில செருப்பைக் கழட்டிட்டு, பூனையாட்டம். உள்ள எட்டிப் பாக்கறேன், புள்ளை செவுத்தைப் புடிச்சுட்டு நின்னுட்டிருக்குது. ஒரு காலைத் தூக்குச்சு. அதுக்குள்ள தலையத் திருப்பிருச்சு. என்னைப் பாத்ததும் சிரிச்சு, பொத்துன்னு உக்காந்து, கையத் தூக்குது. நான் தூக்கிட்டேன். தூக்காம என்ன பண்றது? கையத் தூக்கற புள்ளையத் தூக்காம இருக்கறவன் மனுசனா?

அன்னைக்கு எங்கூட்டுக்காரி என்கிட்ட சண்டை போடல. சத்தமே போடல. செவுத்துல சாஞ்சு நின்னுட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னா. நீங்க ஊட்டுல இருக்கற வரைக்கும் இது நடக்காதுங்கன்னு. அப்படின்னா என்ன அர்த்தம்? என்னை ஊட்டை உட்டுப் போகச் சொல்றாளா? அதை நெனைச்சு நெனைச்சு மூணு ஊருச் சந்தைக்கு நான் போகல.

இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகோணும். ஈரோட்டுல அந்தப் பெனிட்டாவுக்கு மேல ஒரு பெரிய டாக்டர் இருக்கறாராம். அவரு முன்னால புள்ளைய எறக்கி உட்டு, எங்க, நடக்க உடுங்க, என்ற ரெண்டு கண்ணுல பாக்கறேம்பேன். நடந்தா சரி, நான் கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துருவேன். நடக்கலைன்னு வெச்சுக்குங்க, டவுசரு, பந்து, போர்வை, எல்லாம் இன்னையோட முடிஞ்சுது. பயிற்சியும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். புள்ளைய என்கூடவே சந்தைக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். இதை அவகிட்டச் சொல்லல. சொன்னா உடுவாளா?

மறுபடியும் நெளியுது பாருங்க. எறங்கோணுமா? எதுக்குச் சாமி? இந்தா மணி. மணிய ஆட்டு. எத்தனை பலம் வந்துருச்சு இதுக்கு, காலை ஒதைச்சா விலாவுல வலிக்குது.

அண்ணா, ஒரு ஒதவி. அந்தப் பக்கம் ஒரு வண்டி பின்னால எடுக்கறான், போர்டு மறைஞ்சிருக்குது. நம்ம வண்டியாட்டம் தெரியுது. டைம்கீப்பரைக் கேட்டா பொய்தான் சொல்லுவான், நானே போய்ப் பாத்துட்டு வந்துர்றேன். புள்ளைய ஒரே ஒரு நிமிசம் மடியில வெச்சுக்கறீங்களா? கீழ மட்டும் உட்றாதீங்க. இந்தா அம்மணி, மாமாகிட்ட இரு. அழுவாது, அந்தப் பேனா இருக்கற வரைக்கும் உங்களை உட்டுப் போகாது.

அது பழனி வண்டிங்க. போர்டைத் திருப்பிப் போட்டிருக்கான் படுபாவி. நம்ம வண்டிக்கு இன்னும்...

என்னங்கண்ணா இது? கீழ எறக்கி உட்டுட்டீங்க? சொல்லிட்டுத்தானே போனேன். அழுக்குத் தரையில புள்ளைய...

என்ன?

என்ன சொல்றீங்க? தெளிவாச் சொல்லுங்க. பேனா உருண்டு போச்சு, எடுக்கோணும்னு அடம் புடிச்சுது, எறக்கி உட்டீங்க, சரி. அப்பறம்? இந்த பெஞ்சைப் புடிச்சு நின்னுச்சு. அப்பறம்? பெஞ்சை உட்டுட்டு அந்தத் தூணு வரைக்குமா? யாரும் புடிக்காமயா? நீங்க புடிக்கலையா? கை குடுக்கலையா? அந்தத் தூணுக்கும் இந்த பெஞ்சுக்கும் எத்தனை தூரம் இருக்குதுன்னு பாத்தீங்களா நீங்க?

ஏங்கண்ணா, உங்களுக்கு எந்த ஊரு? எங்கூட்டுக்காரிக்கு ஒறவா? அவ பொறந்த ஊரு பக்கமா நீங்க? இல்ல, கேக்கறேன். நான் வந்து உக்காந்ததுல இருந்து நீங்க ஒரு வார்த்தை பேசல, எல்லாத்தையும் கேட்டுட்டே இருந்தீங்க. நான் அந்தப் பக்கம் போனதும் நடந்துருச்சுங்கறீங்க. கேஸ்காரன் பாத்தான், இப்ப நீங்களும் பாத்துட்டீங்க. இந்தப் பூக்கார அம்மாவும் தலைய ஆட்டுது. நீயும் பாத்தியாம்மா? சரி. எல்லாரும் பாத்தாச்சு.

இல்ல, கோவமில்லீங்க. உங்களைப் பாத்தாப் பொய் சொல்ற ஆளாட்டம் தெரியல. எனக்கு அதுதான் வெசனம்.

பாருங்க, தூணுகிட்ட உக்காந்துருச்சு. என்னைப் பாத்ததும் உக்காந்துருச்சு. கையில பேனா. ரெண்டு கையையும் தூக்குது. வர்றேன் சாமி, வர்றேன்.

ஏன் என்ற தோளைப் புடிக்கறீங்க? உடுங்க. புள்ளை கையத் தூக்கிட்டிருக்குது, தெரியலையா?

போகாம நிக்கச் சொல்றீங்களா? நானா? இப்படியேவா?

சரி. ஒரு சோதனைதான். நான் நம்பிட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. மாடுன்னா தார் ரோட்டுல ஓட்டிப் பாக்கறவன்தானே, இது சிமிட்டித் தரை, இங்க ஏமாத்த முடியாது. உக்காந்துக்கறேன். அம்மணி, அப்பன் இங்க உக்காந்திருக்கேன் பாரு. வா.

வராது. பாருங்க, கைய இன்னும் ஒசக்கத் தூக்குது. ஒதட்டைப் பிதுக்குது. அழப் போவுது. நான் கைய மடியில வெச்சிருக்கேன்ல, அதைத்தான் பாக்குது. கை கண்ணுல படற வரைக்கும் தூக்கச் சொல்லும். அவ எதுக்குக் கை மேல உக்காந்திருந்தான்னு...

இருங்க. இந்தத் துண்டைப் போட்டு மறைச்சுக்கறேன். இப்பத் தெரியாது.

அழுவுதுங்கண்ணா. சந்தையில ஒரு நா பூரா கை நீட்டாம நின்னிருக்கேன், வெல எறங்கட்டும்னு. இது முடியாதுங்க. கை தானாப் போவுது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. உங்க கையத் துண்டுக்குள்ள உடுங்க. என்ற கையப் புடிச்சுக்குங்க. இறுக்கி. இன்னும் இறுக்கி. நான் உருவினாலும் உடாதீங்க.

போன் அடிக்குது. அடிக்கட்டும், எடுக்க முடியாது. அவளுக்கு என்னன்னு சொல்லுவேன்? இத்தனை மாசமா இந்தக் கையை வெச்சுட்டு அவ எப்படித்தான் உக்காந்திருந்தா?

நம்ம பஸ்ஸு உள்ள வருது பாருங்க. நீங்க போகோணும்னா... போகலையா? சரி. போகாதீங்க.

அழுகைய நிறுத்திருச்சு. என்ற மூஞ்சியத்தான் பாக்குது. ஏன் இந்த ஆளு வரலைன்னு பாக்குது. நானும் எத்தனையோ பேரைப் பாத்துட்டேன், இப்படி ஒருத்தரும் என்னைப் பாத்ததில்ல. இது நடந்துருச்சுன்னா அப்பறம் நான் எதுக்குங்கண்ணா?

அந்தத் தூணைப் புடிக்குது.

பேசாதீங்க. பூக்கார அம்மா, நீயும் கூப்பிடாதே. அதுவா வரட்டும்.

குண்டிய ஒசத்துது. முட்டிய ஊணுது. கால் ரெண்டும் சேந்துதான் இருக்குது, அகலல, பாத்தீங்களா, அந்த டவுசர் போட்டுப் பழக்கினது... நின்னுருச்சு. தூணை உட்டுருச்சு. நடுவுல புடிக்க ஒண்ணுமில்ல, அத்தனையும் வெறுந்தரை.

அண்ணா, என்ற கை உருவப் பாக்குது. உட்றாதீங்க. கையை மட்டும் உட்றாதீங்கண்ணா.

வருது.